நிற்பதில் தொடங்கி மோதுவது வரை: சீனச் சண்டைக் கலைகளின் பயிற்சி முறை

வடசீனத்தில் உருவான சிங்யீ என்ற சண்டைக் கலையைக் கற்கச் சேர்பவருக்கு முதல் வகுப்பு பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கும். குத்து கிடையாது, உதை கிடையாது. ஒரு நிலையில் நிற்கச் சொல்வார்கள். அதற்கு சான்தி என்று பெயர். இடது கால் முன்னே, வலது கால் பின்னே. உடல் எடையில் பாதிக்கு மேல் பின்காலில் இறங்கியிருக்க வேண்டும். இடது கை தோள் உயரத்தில் முன்னே நீண்டிருக்கும். வலது கை தொப்புளருகே இருக்கும். முழங்கைகள் தரையைப் பார்க்க, தோள்கள் தாழ்ந்திருக்க வேண்டும். எதிரே நின்று பார்த்தால் மூக்கு நுனி, முன்கையின் விரல் நுனி, முன்காலின் விரல் நுனி மூன்றும் ஒரே கோட்டில் தெரியும்.

இரண்டு நிமிடம் நின்றால் பின்காலின் தொடை எரியத் தொடங்கும். அதற்கடுத்துத் தோள்கள் தம்மையறியாமல் மேலேறும். மூச்சு மார்புக்கு வந்துவிடும். ஆசிரியர் அருகே வந்து, நீட்டியிருக்கும் உள்ளங்கையில் தன் கையை வைத்து மெல்ல அழுத்துவார். தோள் உயர்ந்திருந்தால் அந்த அழுத்தம் தோளிலேயே தேங்கி, கை மடங்கிவிடும் அல்லது உடல் பின்னால் சாயும். தோள் தாழ்ந்து, முழங்கை கீழிறங்கி, இடுப்பு சரியாக அமர்ந்திருந்தால், அதே அழுத்தம் முதுகு வழியாக இறங்கிப் பின்பாதத்தில் போய்ச் சேரும். அவ்வளவு அழுத்தத்தையும் தரை வாங்கிக்கொள்ளும். நிற்பவருக்குப் பெரிய சிரமம் இருக்காது. நிற்கும் பயிற்சி எதற்காக என்று கேட்பவருக்கு இந்தச் சிறு சோதனையே போதுமான பதில். எதிராளியின் விசை தரைக்குப் போக ஒரு வழி இருந்தால், தரையின் விசை நம் கைக்கு வரவும் அதே வழி இருக்கிறது. சிங்யீயின் குத்து அந்த வழியாகத்தான் வருகிறது.

சீனச் சண்டைக் கலைகளில் நூற்றுக்கணக்கான பிரிவுகள் உண்டு. பயிற்சி முறை என்று பார்த்தால், பெரும்பாலானவை ஒரே அடிப்படையில் இயங்குகின்றன. சண்டைக்குத் தேவையான ஆற்றல்களைத் தனித்தனியே பிரித்து வளர்ப்பது, பிறகு அவற்றை ஒன்றுசேர்ப்பது. நிற்பதில் உடலின் கட்டமைப்பு வளர்கிறது. தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்களில் நுட்பங்கள் சேமிக்கப்படுகின்றன. ஆயுதம் விசையைச் சோதிக்கிறது. இருவர் பயிற்சி, தொடுகையையும் நேரத்தையும் கற்றுத்தருகிறது. கடைசியில் கட்டுப்பாடற்ற மோதல். இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முழுக் கலையையும் எடைபோடுவதால்தான் இவ்வளவு குழப்பம். பூங்காவில் மெதுவாகக் கையசைக்கும் முதியவர்களைப் பார்த்து, தாய்ச்சி வெறும் உடற்பயிற்சி என்று ஒருவர் நினைக்கிறார். திரைப்படத்தைப் பார்த்து, குங்ஃபூ என்றால் பறந்து உதைப்பது என்று இன்னொருவர் நினைக்கிறார். இருவரும் பார்த்தது ஒரு படியை மட்டுமே.

நிற்பதையே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தென்சீனத்தின் ஹுங் கார் போன்ற கலைகளில் குதிரை நிலை முக்கியம். கால்களைத் தோளைவிட அகலமாக வைத்து, குதிரைமேல் அமர்ந்திருப்பதுபோல் தாழ்ந்து நிற்பது. தொடை வலுவுக்கும் மன உறுதிக்கும் அது நல்லது. ஆனால் சண்டையில் யாரும் அப்படியே நிற்பதில்லை. இடுப்பைத் தாழ்த்தி வைத்திருக்கும் பழக்கம் உடலில் ஏறுவதற்காகச் செய்யும் பயிற்சி அது. சிங்யீயின் புகழ்பெற்ற ஆசிரியர் குவோ யுன்ஷென்னிடம் கற்ற வாங் சியாங்ஜாய் (1885–1963) இந்த நிற்கும் பயிற்சியையே மையமாக்கி, அசைவுத் தொடர்களைப் பெரும்பாலும் கைவிட்டு, யீச்சுவான் என்ற புதிய பிரிவைத் தொடங்கினார். கைகளை வட்டமாக்கி மார்புக்கு முன்னால் வைத்தபடி அசையாமல் நிற்கும் காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெளியே அசைவில்லை என்றாலும், உள்ளே முன்னும் பின்னும் மேலும் கீழும் விசையைக் கற்பனையில் தள்ளியும் இழுத்தும் பார்க்கும் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்.

இனி அசைவுத் தொடர்கள். சீன மொழியில் இவற்றை தாவ்லூ என்பார்கள். கராத்தே பழகியவர்களுக்குக் கட்டா என்றால் உடனே புரியும். ஒரு வரிசையில் அமைந்த தாக்குதல்களும் தடுப்புகளும் நகர்வுகளும், எதிராளி இல்லாமல் தனியே செய்து பார்ப்பதற்கானவை. வீடியோ இல்லாத காலத்தில், ஒரு பரம்பரை தன் நுட்பங்களை உடலிலேயே எழுதி வைத்த முறை இது. எனவே தாவ்லூவைச் சண்டையின் ஒத்திகையாகப் பார்த்தால் அபத்தமாகத் தெரியும். நுட்பங்களின் களஞ்சியமாகப் பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

ஓர் அசைவை எடுத்துப் பார்ப்போம். சிங்யீக்கு ஐந்து அடிப்படைக் குத்துகள். பிளப்பது, துளைப்பது, நேரே தகர்ப்பது, பீரங்கிபோல் வெடிப்பது, குறுக்கே திருப்புவது என்று ஐந்தும் ஐவகை விசைகள். முதலாவதான பீச்சுவான், கோடரியால் விறகு பிளப்பதன் விசையைக் கொண்டது என்பது அந்தப் பரம்பரையின் விளக்கம். சான்தி நிலையிலிருந்து முன்கை முட்டியாகி, வயிற்றருகே இறங்கி, அங்கிருந்து உடலின் நடுக்கோட்டை ஒட்டியே மேலேறி, வாய் உயரத்தில் முன்னே துளைத்துச் செல்லும். அப்போது முன்பாதம் சற்றே வெளிப்பக்கம் திரும்பி ஊன்றும். அடுத்த கணம் பின்கால் முன்னே பாயும்போது, பின்கை அந்த முன்கையின் மேலாகவே வழுக்கிச் சென்று, விரிந்த உள்ளங்கையாகக் கீழ்நோக்கிப் பிளக்கும். பாதம் ஊன்றுவதும் உள்ளங்கை இறங்குவதும் ஒரே கணம். அரைக் கணம் பிந்தினாலும் அது வெறும் கையசைவு.

சண்டையில் இதன் வேலை என்ன? எதிராளியின் நேர்குத்து முகத்தை நோக்கி வருகிறது. மேலே துளைத்துப்போகும் நம் கை, தனியாகத் தடுப்பு என்று எதையும் செய்யாமல், அவர் முன்கையின் ஓரத்தில் உரசியபடி உள்ளே நுழைகிறது. அந்த உரசலிலேயே குத்து திசைமாறிவிடும். உடனே அதே கை அவர் கையைப் பற்றிக் கீழே இழுக்கிறது. அவர் உடல் முன்னால் வருகிறது. நம் பின்கை அவர் முகத்திலோ மார்பிலோ இறங்குகிறது. நம் கால், அவருடைய முன்கால் நிற்கும் இடத்துக்கே புகுந்துவிடுகிறது. அடி, இழுப்பு, நிலைகுலைத்தல் மூன்றும் ஓர் அடி வைப்பதற்குள் முடிகின்றன. கால் அவருடைய காலுக்குப் பின்னே போனால் இதே அசைவு வீழ்த்தலாகும். பற்றிய மணிக்கட்டைத் திருப்பினால் மூட்டுப் பூட்டாகும். உதைப்பது, அடிப்பது, வீழ்த்துவது, பூட்டுவது என்று சீன மரபு நுட்பங்களை நான்காக வகுக்கிறது. ஆனால் ஒரே அசைவுக்குள் நான்கில் மூன்று ஒளிந்திருப்பது வழக்கம். நல்ல ஆசிரியர் இதைப் பிரித்துக் காட்டுவார். காட்டத் தெரியாதவரிடம் தாவ்லூ நடனமாகிவிடும்.

நடனமாகிவிடும் என்ற கவலை இன்று நேற்று வந்ததல்ல. 16-ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரை எதிர்த்துப் போரிட்ட மிங் வம்சத் தளபதி சி ஜிகுவாங், படைப் பயிற்சி நூலில் வெறுங்கைச் சண்டைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அக்காலத்துப் பல பிரிவுகளிலிருந்து 32 நிலைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பெரும் போர்க்களத்தில் வெறுங்கைக்கு வேலை இல்லை என்று அவரே ஒளிக்காமல் எழுதினார். கைகால்களைப் பழக்கவும் ஆயுதப் பயிற்சிக்கு நுழைவாயிலாகவும் அது தேவை என்பது அவர் கருத்து. பார்வைக்கு மட்டும் அழகான அசைவுகளை அவர் கடுமையாகக் கண்டித்தார்.

ஆயுதம் என்றதும் வாள்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு ஈட்டியே சீனப் பயிற்சி முறையின் உச்சம் என்று தோன்றுகிறது. தடிக்கு ஒரு மாதம், அகல வாளுக்கு ஒரு வருடம், ஈட்டிக்கு ஓர் ஆயுள் என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. ஈட்டியின் அடிப்படை மூன்றே அசைவுகள்: லான், நா, ஜா. முனையால் வெளிப்பக்கமாக ஒரு சிறு வட்டம், உள்பக்கமாக ஒரு சிறு வட்டம், பிறகு நேரே ஒரு குத்து. எதிராளியின் ஈட்டியை வெளியே தள்ளி, அல்லது உள்ளே அமுக்கி, அது மீள்வதற்குள் குத்துவது. கழி வளைந்து கொடுக்கும் மரத்தால் ஆனது, ஆளைவிட நீளம். முன்கை ஒரு வளையம்போல் கழியைத் தாங்கும். பின்கை அடிமுனையைப் பிடித்து இடுப்போடு ஒட்டியிருக்கும். கையால் மட்டும் சுழற்றினால் முனை தாறுமாறாக ஆடும். இடுப்பு திரும்பி, அந்தத் திருப்பம் கழி வழியாக ஓடினால்தான் முனை சிறிய வட்டம் போட்டு ஒரு துடிப்போடு நிற்கும். உடலில் எங்கே இணைப்பு அறுந்திருக்கிறது என்பதை, இரண்டு மீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்த முனை பொய் சொல்லாமல் காட்டிவிடும். ஹெபெய் மாகாணத்தின் சாங்ஜோ வட்டாரத்தைச் சேர்ந்த, பாஜி என்ற சண்டைக் கலையின் ஆசிரியர் லி ஷூவென், ஈட்டித் திறமையாலேயே பெயர் பெற்றவர். அவருடைய வெறுங்கை அடியின் வலு ஈட்டியிலிருந்து வந்தது என்று பாஜிக்காரர்கள் சொல்வதில் எனக்கு வியப்பில்லை.

ஆயுதத்தோடு சேர்த்து ஷாவோலினையும் சொல்லிவிட வேண்டும். ஹெனான் மாகாணத்தில் சொங்ஷான் மலையடிவாரத்தில் உள்ள அந்த மடத்தின் துறவிகள் மிங் காலத்தில் புகழ்பெற்றது தடிச் சண்டையில். தமிழ் வாசகர்களுக்கு உடனே போதிதர்மர் நினைவுக்கு வருவார். தென்னிந்தியாவிலிருந்து சென்ற துறவி என்று சில சீனப் பழநூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. தியான மரபில் அவர் இடம் மிகப் பெரியது. ஆனால் அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் சண்டைக் கலை இல்லை. அவர் பெயரால் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 1624-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீன வரலாற்றாய்வாளர் தாங் ஹாவ் 1930-களிலேயே இந்தத் தொடர்பு பிற்காலக் கற்பனை என்று எடுத்துக்காட்டினார். போதிதர்மர்மீது நமக்குள்ள பெருமைக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. கலையின் வரலாற்றையும் மரியாதையோடு அணுக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இருவர் பயிற்சிக்கு வருவோம். சீனக் கலைகளின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. குவாங்டோங் மாகாணத்தின் ஃபோஷான் நகரிலிருந்து 1949 வாக்கில் ஹாங்காங்குக்கு வந்து விங் சுன் என்ற சண்டைக் கலையைக் கற்பித்தவர் இப் மேன். அவருடைய மாணவர்களில் புரூஸ் லீயை உலகமே அறியும். விங் சுன்னின் மையப் பயிற்சி சீ சாவ். இருவர் எதிரெதிரே நின்று, முன்கைகளை ஒட்டவைத்து, உருட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் கையில் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்போது மற்றவர் கை அதன்மேல் படிந்திருக்கும். உருளும்போது, உள்ளங்கை மேல்நோக்கி இருந்த அந்தக் கை, முழங்கை உயர்ந்த இறக்கை வடிவத்துக்கு மாறும். இருவரும் எதிராளியின் நடுக்கோட்டை நோக்கி மெலிதான ஓர் அழுத்தத்தை விடாமல் வைத்திருப்பார்கள். பட்டத்தின் நூலைப் பிடித்திருக்கும் சிறுவன் வானத்தைப் பார்க்காமலேயே காற்றின் திசையைச் சொல்லிவிடுவதுபோல், இந்த அழுத்தத்தின் வழியே எதிராளியின் எண்ணம் கைக்குத் தெரிகிறது. அவர் கை ஒரு நூலளவு விலகினாலும், நம் கை யோசிக்காமல் அந்த இடைவெளியில் நேரே பாயும். வருவதை வாங்கிக்கொள், போவதைப் பின்தொடர், கை விடுபட்டால் நேரே பாய் என்பது விங் சுன்னின் வாய்மொழி விதி. கண் பார்த்து மூளை முடிவெடுத்துக் கை அசைவதற்கு நேரம் பிடிக்கும். மிக நெருக்கத்தில் அந்த நேரம் கிடைக்காது. தொடுகை அதைவிட வேகமானது.

தாய்ச்சியில் இருவர் ஒருவரையொருவர் தள்ளிப் பழகும் துய்ஷோவும் இதே குடும்பம்தான். அங்கே நோக்கம் எதிராளியின் சமநிலையைக் கெடுப்பது. அவர் தள்ளும்போது எதிர்க்காமல், இடுப்பைத் திருப்பி விசையை வெறுமைக்குள் அனுப்பி, அவர் நிலை இழக்கும் அந்த நொடியில் திருப்பித் தள்ளுவது. ஹெனானின் சென் கிராமத்தில் வளர்ந்த இந்தக் கலையை யாங் லுச்சான் (1799–1872) அங்கே கற்று, பெய்ஜிங்கில் பரப்பினார். இன்று உலகம் முழுவதும் பூங்காக்களில் செய்யப்படும் 24 அசைவுத் தொடர், 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை எளிமைப்படுத்தி வெளியிட்டது. அது உடல்நலத்துக்கு அருமையானது. அதை மட்டும் செய்பவர் தாய்ச்சியின் ஒரு படியில் நிற்கிறார் என்பதும் உண்மை.

இங்கே ஒரு கடினமான கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இவ்வளவு நுட்பமான பயிற்சி மேடையில் ஏன் சில சமயம் நொறுங்கிப்போகிறது? 1954 ஜனவரியில் மக்காவ் நகரில் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியில், ஐம்பதைக் கடந்த தாய்ச்சி ஆசிரியர் வூ குங்யியும் வயதில் இளையவரான வெள்ளைக் கொக்குப் பிரிவின் சான் ஹக்ஃபூவும் மோதினார்கள். பெருங்கூட்டம் கூடியது. இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தப்பட்டு, வெற்றி தோல்வி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அதன் படச்சுருள் இன்றும் காணக் கிடைக்கிறது. தாய்ச்சியின் மென்மையோ கொக்கின் நேர்த்தியோ அதில் அதிகம் தெரியாது. பதற்றத்தில் வீசப்படும் கைகளே தெரியும். 2017 ஏப்ரலில் செங்டு நகரில், தாய்ச்சி கற்பித்த வெய் லெய்யை, கலப்புத் தற்காப்புக் கலை வீரர் ஷூ சியாவ்டோங் அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அந்தக் காணொளி சீனம் முழுவதும் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

காரணம் பயிற்சி முறைக்குள்ளேயே இருக்கிறது. சீ சாவும் துய்ஷோவும் கைகள் ஏற்கெனவே தொட்டுக்கொண்ட நிலையில் தொடங்குகின்றன. உண்மையான எதிராளி தூரத்தில் நிற்கிறார். நாம் விரும்பும் இடத்தில் கையை விட்டுவைக்க மாட்டார்; குத்திய கணமே இழுத்துக்கொள்வார். தூரத்திலிருந்து தொடுகை வரைக்குமான அந்த ஓர் அடி இடைவெளியைக் கடக்கும் திறமை, எதிர்க்கும் ஆளோடு கட்டுப்பாடின்றி மோதிப் பழகும் ஸ்பாரிங்கில் மட்டுமே வரும். முகத்தில் குத்து விழும்போது கண்ணை மூடாமல் இருப்பது, மூச்சு வாங்கும்போதும் யோசிப்பது, வலியில் நிலை குலையாமல் நிற்பது ஆகியவற்றுக்கும் வேறு வழி இல்லை. கடைசிப் படியை வெட்டிவிட்டு மற்ற படிகளை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் பயனில்லை. இதில் பழைய கலைகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. படியை வெட்டியவர்கள் பிற்காலத்தவர்கள்.

ஏனெனில் மரபில் அந்தப் படி இருந்தது. லெய்தாய் என்ற உயர்ந்த மேடையில் மோதும் வழக்கம் பழையது. 1928-இல் நான்ஜிங்கில் ஜாங் ஜிஜியாங் தலைமையில் அமைந்த மத்திய குவோஷூ (சண்டைக் கலை) நிறுவனம், அதே ஆண்டு நடத்திய தேசியத் தேர்வில் வெறுங்கை மோதலோடு மல்யுத்தமும் ஆயுத மோதலும் வைத்தது. பல பிரிவுகளின் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் எதிரே நின்றார்கள். சீன மல்யுத்தமான ஷுவாய்ஜியாவ் எந்தக் காலத்திலும் முழு எதிர்ப்போடுதான் பயிலப்பட்டது. அதனால்தான் அதன் நுட்பங்கள் மழுங்கவில்லை.

1979-இல் சோதனை முறையில் தொடங்கிய சாண்டா போட்டி இந்த இழையைப் பிடித்துக்கொண்டது. கையுறை, குத்து, உதை, வீழ்த்தல் எல்லாம் உண்டு; தரையில் கட்டிப்புரளும் சண்டை இல்லை. மேடை எட்டு மீட்டர் சதுரம், 80 சென்டிமீட்டர் உயரம். ஒரே சுற்றில் இருமுறை மேடையை விட்டு விழுந்தால் அந்தச் சுற்று போய்விடும். சாண்டாவின் முத்திரை நுட்பம் காலைப் பிடித்து வீழ்த்துவது. எதிராளியின் உதை பக்கவாட்டிலிருந்து சுழன்று விலாவை நோக்கி வரும்போது, ஓர் அடி உள்ளே நுழைந்தால் உதையின் வேகம் குறையும். அடி விழுந்த அதே கணத்தில் கை அந்தக் காலைச் சுற்றி விலாவோடு இறுக்கிக்கொள்ளும். இப்போது அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். பிடித்த காலை மேலே தூக்கியபடி நாம் சுழல, அல்லது ஊன்றிய காலை நம் காலால் வாரிவிட, அவர் விழுவார். நாம் நின்றுகொண்டிருந்தால் இரண்டு புள்ளிகள். பிடிப்பது, நுழைவது, நிலைகுலைப்பது என்ற பழைய தர்க்கம் இங்கே எதிர்ப்புக்கு நடுவே உயிரோடு இயங்குவதைப் பார்க்கலாம். பீச்சுவானைப் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் படித்தால் உறவு புரியும்.

கற்க விரும்புகிறவர், எந்தப் பிரிவு சிறந்தது என்று தேடி அலைய வேண்டாம். வகுப்பை ஒரு நாள் ஓரமாக இருந்து பாருங்கள். நிற்கும் பயிற்சி இருக்கிறதா, ஆசிரியர் மாணவரைத் தொட்டு, தள்ளிச் சோதிக்கிறாரா என்று கவனியுங்கள். தாவ்லூவில் ஏதாவது ஓர் அசைவைக் காட்டி, இது எதற்கு என்று கேளுங்கள். அவர் ஒரு மாணவரை அழைத்து, மெதுவாகவும் பிறகு வேகமாகவும் செய்து காட்டினால் நல்லது. அந்த மாணவர் உண்மையாகவே எதிர்க்கிறாரா, தானாக விழுகிறாரா என்று பாருங்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். தொடாமலேயே ஆளைத் தூக்கி எறியும் சக்தி தனக்கு இருப்பதாகச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கையுறையும் பல்காப்பும் அணிந்து ஸ்பாரிங் எப்போது தொடங்கும் என்று கேளுங்கள். தொடக்கத்திலேயே வேண்டியதில்லை, ஆனால் ஒருபோதும் இல்லை என்ற பதில் வந்தால், உடல்நலத்துக்காக மட்டும் அங்கே சேரலாம்.

வீட்டில் தொடங்க நினைத்தால் சான்தி நிலையே போதும். முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடங்கட்டும். உள்ளே சாய்ந்தால் மூட்டு கெட்டுவிடும். முதல் வாரம் ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தோள் ஏறியதைக் கவனித்ததும், மூச்சை விட்டு அதை இறக்குங்கள். வீட்டில் யாரையாவது அழைத்து, நீட்டியிருக்கும் உள்ளங்கையை மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள்.